அம்மாயியின் கைப்பேசியும் ஆறாயிரம் படங்களும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், நடுவீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருப்பதைக் காணலாம். நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் தாத்தா, அவர் பக்கத்தில் நிற்கும் பாட்டி, மொட்டை போட்ட கையோடு ஸ்டூடியோவுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை என்று பத்துப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். அவற்றில் இருப்பவர் யார், எந்தச் சமயத்தில் எடுத்தது என்று அந்த வீட்டுச் சிறு குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

இன்று அதே வீட்டில் பாட்டியின் கைப்பேசிக்குள் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. ஆனால், "போன வருசத்து மாட்டுப் பொங்கல் படத்தைக் காட்டுங்க" என்று கேட்டால், விரலால் தள்ளித் தள்ளிக் கை வலித்துப் போகிறது, படம் கிடைப்பதில்லை. பத்துப் படம் இருந்தபோது கண் முன்னால் இருந்தது. பத்தாயிரம் வந்தபோது காணாமல் போய்விட்டது. இது ஏன்? முதியோருக்கு இந்தக் காரியத்தில் நாம் எப்படி உதவலாம்? உதவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எப்படிக் கெடுத்துவிடுகிறோம்? கடைசிக் கேள்விக்கு என்னிடமே ஒரு கதை உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

படங்கள் பெருகிய வரலாறு

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் ஆவதற்குள் காமிரா நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது என்பதை அறிந்து நான் வியந்து போனேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் படம் எடுத்தார். அந்தப் படங்கள் 1858இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. மெழுகு ஏற்றிய காகிதத்தையே அவர் நெகடிவாக உபயோகித்தார். ஒரு படம் எடுப்பது அந்நாளில் எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கும்! அந்தப் படங்களுக்கு இடத்தின் பெயரையும் கொடுத்து வைத்திருந்ததால்தான், நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவை எந்த இடத்துப் படங்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது. பெயர் எழுதி வைத்த இந்த விஷயத்தைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு பிலிம் சுருளின் காலம் வந்தது. நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம் எடுக்கலாம். 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள். சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு, பிரதி போடுவதற்கும் காசு. ஆகவே எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள்.

1975இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர், பிலிம் இல்லாத முதல் மின்னணுக் காமிரா ஒன்றைச் செய்தார். அது பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று நம் பாட்டிமார் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியே ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடுகிறது. சுருளும் இல்லை, கழுவும் செலவும் இல்லை. ஆதலால் எண்ணிக்கைக்கு எல்லையும் இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக வாங்கிய கைப்பேசிகள் பிற்பாடு வீட்டுப் பெரியவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. என் அம்மாயியின் கைப்பேசியும் அப்படிப் போனதுதான். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் எனக்காக வாங்கியது அது.

நான் செய்த தவறு

என் அம்மாயி இராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மரவள்ளிக் காடும் நான்கு உருப்படி மாடுகளும் உண்டு. 2023இல் அப்புச்சி தவறிவிட்டார். அதன் பிறகு அம்மாயிக்குப் பேச்சுத்துணை பாதி நேரம் அந்தக் கைப்பேசிதான்.

2025 பொங்கல் விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது, கைப்பேசி அடிக்கடி நின்று போயிற்று. 'சேமிக்க இடம் இல்லை' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கடையில் காட்டியதற்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். "எதுக்குங்க அம்மாயி காசு? நான் சரி பண்ணித் தர்றேன்" என்று பெருமையாக வாங்கிக்கொண்டேன். உள்ளே ஆறாயிரத்து இருநூறு படங்கள் இருந்தன. திண்ணையில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டேன். காலை வணக்கப் படங்கள், ஒரே படத்தின் நான்கைந்து நகல்கள், மங்கலானவை, இருட்டாக விழுந்தவை, கோணலானவை எல்லாம் போயின. நீக்கியவை தங்கியிருக்கும் குப்பைத்தொட்டியையும் திறந்து ஒன்று விடாமல் காலி செய்தேன். கைப்பேசி வேகமாக ஓடியது. அம்மாயியும் சந்தோஷப்பட்டார்.

மூன்று நாள் கழித்து அம்மாயி என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, உங்கப்புச்சி கால் படம் ஒண்ணு இருந்துச்சே, அதக் காணமே?" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. இருட்டில் எடுத்த படம். பாதியை விரல் மறைத்திருந்தது. மீதியில் ஒரு கயிற்றுக் கட்டிலின் காலும், ஒரு ஜோடிப் பாதமும், ஒரு செருப்பும் தெரிந்தன. தெரியாமல் பொத்தான் அழுந்தி விழுந்த படம் என்று நினைத்து நீக்கியிருந்தேன்.

"மொதமொதல்ல நானே புடிச்ச படம் கண்ணு அது. வாசல்ல உக்காந்திருந்தாரு. அதுக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவருதான், அப்பறம் வூட்டுக்கு வரல" என்றார் அம்மாயி.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். அந்தப் படத்துக்கு வேறு எங்கும் பிரதி இல்லை. குப்பைத்தொட்டியை நானே காலி செய்துவிட்டேன். "போச்சாது உடு கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நான் கற்ற பாடம் இதுதான்: படங்களை அடுக்கித் தருவது நம் வேலையாக இருக்கலாம், எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வது அவர்களுடைய வேலை. மங்கலாக இருப்பதெல்லாம் குப்பை அல்ல. இனி எழுதுபவை எல்லாம் இந்தப் பாடத்துக்குப் பிறகு நான் விசாரித்தும், படித்தும், செய்து பார்த்தும் அறிந்தவை.

இடம் ஏன் நிறைகிறது?

கைப்பேசியைத் தானியக் குதிர் என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவை ஜி.பி. என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு ஜி.பி. என்பது 1024 எம்.பி. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக மூன்று எம்.பி. இருக்கும் என்று கொண்டால், ஒரு ஜி.பி.யில் சுமார் 340 படங்கள் கொள்ளும். வாட்ஸ்அப் வழியே வரும் படம் சுருக்கப்பட்டு வருவதால் அதைவிடச் சிறியது. ஆனால் காணொளிதான் பெரிய தீனிக்காரன். தெளிவாக எடுத்த ஒரு நிமிடக் காணொளியே நூறு எம்.பி.க்கு மேல் போகக்கூடும். ஆகவே, இடம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது வேண்டாத காணொளிகளையே. முப்பது படங்களைத் தேடித் தேடி நீக்குவதும், ஒரு காணொளியை நீக்குவதும் இடக்கணக்கில் ஒன்றுதான்.

அடுத்தது காலை வணக்கப் படங்கள். ரோஜாப்பூவும் சூரியோதயமும் தேநீர்க் கோப்பையும் போட்டு வரும் படங்களை நாம் அறிவோம். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதைப்பற்றியே ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியாவில் கைப்பேசிகள் ஏன் நிறைந்து நின்று போகின்றன என்று ஆராய்ந்த கூகுள் பொறியாளர்கள், இந்தக் காலை வணக்கப் படங்களை ஒரு முக்கிய காரணமாகக் கண்டார்கள் என்பது அந்தச் செய்தி. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் நாம் கேட்காமலே தாமாக இறங்கிப் படத்தொகுப்பிலும் சேர்ந்துவிடுவதால், பேரனின் முகமும் எவரோ அனுப்பிய ரோஜாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. தேடுவது கடினமாகிறது.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம், தோழியரே. ஆத்தூரில் இருக்கும் அம்மாயியின் தங்கை தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார். ஒரு நாள் வரவில்லை என்றால் அம்மாயி உடனே கூப்பிட்டு, "ஒடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கிறார். அந்தப் பூப்படத்துக்கு, 'நான் நலமாக எழுந்துவிட்டேன்' என்பதுதான் பொருள். வந்த அன்று அது கடிதம். மறுநாள்தான் அது நீக்கத்தக்கது. இதையும் நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

உதவும் முறை

முதலாவது, பக்கத்தில் உட்கார வேண்டும்; கைப்பேசி அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நாம் பிடுங்கி 'டக் டக்' என்று செய்து கொடுத்தால் வேலை முடியும். ஆனால் அவர்கள் ஒன்றும் கற்கமாட்டார்கள். அமைப்புப் பகுதிக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக மாற்றிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். இன்னொரு விஷயம்: கைப்பேசித் திரை நம் விரலின் மின்கடத்தும் தன்மையால் தொடுதலை அறிகிறது. களை வெட்டியும் பால் கறந்தும் காய்த்துப்போன விரலின் உலர்ந்த தோலைத் திரை சரியாக அறிவதில்லை. "எனக்கு இது வராது கண்ணு" என்று அம்மாயி சொன்னதற்கு அறிவுக்குறை காரணமல்ல, உழைத்த விரல்தான் காரணம். ஈரத்துணியில் விரலை ஒற்றித் துடைத்துக்கொண்டு தொட்டபோது நன்றாகவே வந்தது.

இரண்டாவது, எதையும் நீக்குவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசி தண்ணீரில் விழலாம், பேருந்தில் தொலையலாம். கூகுள் ஃபோட்டோஸ் போன்ற செயலியில் பிரதி எடுக்கும் வசதியை இயக்கினால், படங்கள் இணையம் வழியே சேமிக்கப்படும். 2021 ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பு அதில் சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைக்கலாம் என்று இருந்தது. இப்போது ஒரு கணக்குக்கு மின்னஞ்சல் உட்பட மொத்தம் 15 ஜி.பி. மட்டும் இலவசம். மூன்று எம்.பி. படமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஐயாயிரம் படங்கள். கைப்பேசியில் செருகும் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துப் பீரோவில் வைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இணையத்தில்தான் பிரதி இருக்கிறதே' என்று அதே செயலிக்குள் படத்தை நீக்கினால், இரண்டு இடத்திலும் நீங்கிவிடும். கைப்பேசியில் மட்டும் இடத்தை விடுவிக்கத் தனி வசதி இருக்கிறது. அதைத்தான் உபயோகிக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தேகமில்லாத குப்பையிலிருந்து தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி உண்டு. ஐந்து எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை அனுப்பப்பட்டு வந்தவை ஆகியவற்றை அது தனித்தனியே காட்டும். அங்கே நீக்கிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் குடும்பப் படங்களைத் தொடாமலே நிறைய இடம் கிடைத்துவிடும். இனி வருவதைத் தடுக்க, படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தலாம். வாட்ஸ்அப் படங்கள் படத்தொகுப்பில் தெரியாமலிருக்கும்படியும் செய்யலாம். இது புதிதாக வருபவற்றுக்கு மட்டுமே பொருந்தும்; பழையவை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

நான்காவது, ஆல்பங்களுக்கு அவர்கள் வைக்கும் பெயரையே வைக்க வேண்டும். நான் முதலில் '2022', '2023', '2024' என்று ஆண்டுவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். அம்மாயிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "அது எந்த வருசம்னு யாருக்குத் தெரியும்? கிணத்துல தண்ணி மேல வந்துச்சே, அப்பப் புடிச்சது" என்றார். ஆகவே 'பேரன் பேத்தி', 'காடு', 'மாடு கன்னு', 'கோயில் நோம்பி', 'அப்புச்சி' என்று அவர் சொன்னபடியே ஐந்து ஆல்பங்கள் போட்டோம். ஆறாவதாக 'சீட்டு' என்று ஒன்று. மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, மின்கட்டண ரசீது ஆகியவற்றின் படங்கள் அதில் உள்ளன. மருத்துவமனைக்குப் போகும்போது உடனே எடுத்துக் காட்ட முடிகிறது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றின் படங்களை முன்பின் தெரியாதவர் கேட்டால் அனுப்பக்கூடாது என்றும் அப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொன்றையும் கேட்டே நீக்க வேண்டும். "அம்மாயி, இது வேணுங்களா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்ற பதில் ஒரு நொடியில் வரும், "இரு கண்ணு" என்று வந்தால் அதில் ஒரு கதை இருக்கும். நீக்கியவை உடனே அழிவதில்லை. கூகுள் ஃபோட்டோஸில் பிரதி எடுத்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாட்களும், பிரதி எடுக்காதது 30 நாட்களும் இருக்கும். ஐபோனிலும் 30 நாட்கள் வரை இருக்கும். அந்த நாட்கள் நமக்கு அளிக்கப்பட்ட தவணை. என்னைப்போல் அவசரப்பட்டுத் தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள்.

ஆறாவது, ஒரே நாளில் முடிக்க நினைக்கக்கூடாது. அரைமணி நேரம் போதும். அதற்குமேல் அவர்களுக்குக் கண் வலிக்கும். நமக்குப் பொறுமை போய்விடும்.

பெயர் எழுதி வைத்தல்

இந்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் நான்கு பிற்பகல்கள் அம்மாயியோடு உட்கார்ந்தேன். கடைசி நாளில் சுவரில் இருந்த பழைய படங்களையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். கண்ணாடியின் பளபளப்பு விழாமல் இருக்க, படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரித்து எடுக்க முயலக்கூடாது, படம் கிழிந்துவிடும். சட்டத்தோடே சற்றுச் சாய்த்து வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

அவற்றில் ஒன்று, கல்யாண வீட்டு வாசலில் ஏழு பெண்கள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். எனக்கு அம்மாயியைத் தவிர ஒருவரையும் தெரியவில்லை. என் அம்மாவுக்கு மூவரைத் தெரிந்தது. அம்மாயிக்கு ஏழு பேரும் தெரிந்தார்கள். யார் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனார், யார் கும்மி நன்றாகப் பாடுவார், யார் பிள்ளைப்பேற்றில் இறந்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த இறந்துபோன பெண்ணுக்கு இதைத் தவிர வேறு படமே இல்லையாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் படத்தை நான் எடுத்தவுடன் கைப்பேசி அதற்கு 2025 என்று தேதி போட்டுக்கொண்டது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய கல்யாணம் என்பது கைப்பேசிக்குத் தெரியாது. ஒரே முகம் உள்ள படங்களை எல்லாம் தானே சேர்த்துக் காட்டும் செயலிகள் இன்று உண்டு. ஆனால், அந்த முகம் யாருடையது என்று நாம் பெயர் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அம்மாயி சொல்லாமல் போயிருந்தால் அந்த ஏழு பேரும் வெறும் 'ஏழு பெண்கள்' ஆகியிருப்பார்கள். டிரைப் எடுத்த படங்களைப் பெயரை வைத்து நாம் இனம் காண்கிறோம். நம் வீட்டுப் படங்களுக்குப் பெயர் எழுதி வைக்க நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

செயலியில் ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. தட்டச்சு செய்வது அம்மாயிக்குக் கடினம். ஆனால் விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக விழுகிறது. அம்மாயி பேசினார்; பிழைகளை நான் திருத்தினேன். வலமிருந்து இடமாக ஏழு பெயர்கள், ஊர்கள், கல்யாணம் நடந்த வீடு, உத்தேசமான ஆண்டு என எல்லாம் எழுதினோம். பிறகு படத்தை ஏழு குடும்பங்களில் எங்களுக்கு எண் தெரிந்த நான்கு குடும்பங்களுக்கு அனுப்பினோம். அன்றிரவே ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "எங்க ஆத்தா படத்த இப்பத்தான் மொதமொதலாப் பாக்கறேனுங்க" என்று ஒருவர் பேசினார். அம்மாயி அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பிறர் செய்துள்ள பணி

இது வீட்டளவில் செய்யும் வேலை மட்டுமல்ல. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த புகைப்படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாக்கும் பணியைச் செய்திருக்கிறது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காப்பதற்காகப் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் உதவியும் அதற்குக் கிடைத்தது. நம் சுவரில் மாட்டியிருப்பதை அறிஞர்கள் வரலாறாக மதிக்கிறார்கள் என்று இதனால் தெரிகிறது.

முதியோருக்குக் கைப்பேசி கற்பிப்பதில் நம் அண்டை மாநிலம் கேரளம் நல்ல முன்மாதிரி காட்டியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள புல்லம்பாறை ஊராட்சியில் தொண்டர்கள் வீடு வீடாகவும் வேலை நடக்கும் இடங்களுக்கும் போய் மக்களுக்குக் கைப்பேசி உபயோகத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றி மாநிலம் முழுவதும் நடந்த பணியின் முடிவில், 2025 ஆகஸ்டில் கேரளம் முழுமையும் அந்நிலையை அடைந்ததாக அறிவிப்பு வந்தது. கற்றவர்களில் 105 வயது முதியவர் ஒருவரும் இருந்தார். அவரால் முடியும் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களாலும் முடியும். சொல்லிக்கொடுப்பவருக்குப் பொறுமைதான் வேண்டும்.

முடிவுரை

அம்மாயியின் கைப்பேசியில் இப்போது ஆயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. போன அந்த ஒரு படம் போனதுதான். அதற்கு ஈடு ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும் நாளில் நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் 'டிக்' என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மாயி கைப்பேசியோடு நிற்கிறார். படத்தில் பாதியை அவர் விரல் மறைத்திருந்தது. மீதியில் என் பையும், என் ஒரு காலும், வாசற்படியும் இருந்தன.

"இது வேணுங்களா அம்மாயி?" என்று நான் கேட்கவில்லை. அவரே 'பேரன் பேத்தி' ஆல்பத்தைத் திறந்து அதில் சேர்த்துக்கொண்டார். ஒருவர் உதவியும் இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

தோழியரே! அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். கைப்பேசி அவர் கையில் இருக்கட்டும். நீக்குவதற்கு முன் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பெற்றோரே! உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுங்கள். கைப்பேசியில் இடம் குறைந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் எந்தக் கடையில் வாங்குவது? இருக்கும்போதே கேட்போம், கேட்டதைக் காப்போம்!